குரல்வளை இல்லாத ஏலக்காரரும் பேச ஆளில்லாத நானும்

பேச்சுப் பயிற்சி என்பது, பேசுவதற்கு ஒரு ஆள்கூடத் தெரியாத ஊருக்கு ஒருத்தியை அனுப்பி, அங்கே இருப்பவர்களைப் பேச வைக்கச் சொல்கிற தொழில். இந்தப் படிப்பில் என்னைப் போல மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மாட்டிக்கொள்ளாதவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

அறுபதுகளின் பின்பாதி அது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் சும்மா இருந்த எனக்கு, வடக்கே ஒரு சர்க்கார் பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறந்திருந்த படிப்பில் இடம் கிடைத்தது. காது, தொண்டை, நாக்கு, பேச்சு, மொழி எல்லாம் சேர்ந்த ஒரே படிப்பு. அதன் பெயரை அப்பாவால் கடைசிவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "டாக்டர் மாதிரிதான். ஊசி மட்டும் போடமாட்டா" என்று சொல்லிவைத்தார். வகுப்பில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்தி. ஹாஸ்டலில் நான் தமிழில் பேசியதெல்லாம் தலைவாரும்போது கண்ணாடியோடுதான்.

அதனால் கடைசி வருஷத்தில், அவரவர் தாய்மொழி பேசுகிற ஊருக்குப் போய் ஆறு மாதம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். எனக்குத் திண்டுக்கல் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் உடைந்த கட்டில்களை அடுக்கிவைத்திருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ரவுண்ட் ரோடு பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு ஓர் அறை. ஊர் முழுக்கத் தமிழ். ஆனால் அதில் ஒரு வார்த்தைகூட என்னைப் பார்த்துப் பேசப்பட்டதாக இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

ஏப்பப் பரீட்சை

முதலில் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டால், அந்த ஆளுக்கு மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் போகும், வரும். வாய்க்குக் காற்று வராது. காற்று இல்லாமல் பேச்சு இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. வாயில் காற்றை அடைத்து, நாக்கால் அழுத்தி, சோறு இறங்குகிற குழாய்க்குள் தள்ளி, அது வயிற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் ஏப்பமாகத் திருப்பி எடுத்து, அந்த ஏப்பத்திலேயே பேசவேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நன்றாகப் பழகியவர்கள் ஊர்க்கதை முழுக்க அதிலேயே பேசுவார்கள். கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கும் அது வரவேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் பிடிவாதம்.

செய்முறைப் பரீட்சையில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவரும் ஏப்பத்தில் 'பா' என்று சொல்லிக் காட்டச் சொன்னார். ஒரு பஞ்சாபிப் பையன் 'பா'வோடு நிற்காமல் தன் பெயர், அப்பா பெயர், ஜில்லாவின் பெயர் எல்லாவற்றையும் ஏப்பத்திலேயே ஒப்பித்தான். என் முறை வந்தது. ஏப்பம் வந்தால் வாயைப் பொத்து, முகத்தைத் திருப்பு என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட பெண் நான். வாயைத் திறந்தேன், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "வெட்கமாக இருக்கிறது, சார்" என்றேன். பேராசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாளைக்குக் குரல்வளை இல்லாத ஒருவர் உன் எதிரில் வந்து உட்காருவார். அவரிடமும் இதையேதான் சொல்லப்போகிறாயா?" என்றார்.

பேசாத மருமகள்

திண்டுக்கல்லில் முதல் சில வாரங்கள் யாரும் வரவில்லை. வந்தவர்கள் பல்லைப் பிடுங்க வந்தார்கள், அல்லது பக்கத்து அறைக்கு வழி கேட்டார்கள். முதன்முதலாக என்னைத் தேடி வந்தது எரியோட்டிலிருந்து ஒரு மாமியார். கூடவே மருமகள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து இந்தப் பெண் வாயையே திறப்பதில்லை, நாக்குக்கு அடியில் ஏதோ கட்டியிருக்கிறது, அறுத்துவிடுங்கள் என்பது மாமியாரின் கோரிக்கை. நாக்கைப் பார்த்தேன். அழகான நாக்கு. எங்கள் பாடப்புத்தகத்தில் அச்சிட்டு வைக்கலாம்.

மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். ஜன்னலைப் பார்த்தபடியே சரளமாகப் பேசினாள். எனக்கு வைத்தியம் செய்ய ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாமே என்று ஆசையாக இருந்தது. வாராவாரம் வரச் சொன்னேன், அவர்கள் வரவில்லை. ஆனால் அவள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "எனக்குப் பேச வரும்க்கா. எங்கூர்ல ஓயாமப் பேசுவேன். இங்க நான் பேசுனா மாடு மட்டுந்தான் திரும்பிப் பாக்குது."

ஏலக்காரர் வந்தார்

புரட்டாசியில் ஒரு நாள், கழுத்தைச் சுற்றித் துண்டு போட்ட ஓர் ஆள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஆள் நல்ல உயரம், கட்டை மீசை. அவர் துண்டை விலக்கிக் காட்டியதும் எனக்குப் பேராசிரியரின் மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. கழுத்தின் நடுவில் துளை. பெயர் சுப்பையா. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் ஏலம் கூறுகிறவர். இதையெல்லாம் சொன்னது அவர் மனைவி வெள்ளையம்மா. "இவுக ஏலம் கூறுனா ரோட்டுல போற பஸ்ஸுக்காரன் திரும்பிப் பாப்பான் டாக்டரம்மா. சுருட்டு ஒண்ணுதான் கெட்ட பழக்கம். மதுரையில அறுத்து எடுத்துட்டாக. உசுரு இருக்கு, சத்தம் போச்சு" என்றார். கணவர் சொல்ல நினைப்பதையெல்லாம் வெள்ளையம்மாவே சொல்லிவிடுவார். தப்பாகச் சொன்னால் சுப்பையா தன் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அன்றைக்குத் தொடை சிவந்தே போயிருக்கும்.

விஷயம் இதுதான். ஒரே மகள் ராசாத்திக்கு நெய்க்காரப்பட்டியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தை மாதம் பரிசம். சபையில் வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பாக்கு எங்களுக்கு, பொண்ணு உங்களுக்கு" என்று பெண்ணின் அப்பா மூன்று முறை வாய்விட்டுச் சொல்லவேண்டும். அப்போதுதான் பெண்ணைக் கொடுத்ததாக ஆகும். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஏப்பப் பேச்சுக்கு ப, த, க என்று வாயை அடைத்துத் திறக்கிற எழுத்துகள்தான் முதலில் வரும். இவர்கள் வழக்கமோ 'பா'வில் தொடங்குகிறது. நான் என் பாடத்தை நினைத்துக்கொண்டிருக்க, வெள்ளையம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இவுக தம்பி சொல்லட்டும்னு அம்புட்டுப் பேரும் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்குறாக. பெத்தவன் நான் இருக்கையில அவன் என்ன குடுக்கிறதுன்னு மொறைக்கிறாக." இந்த முறை தொடையில் தட்டு விழவில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடியும் என்று சொல்லிவிட்டேன். அதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. என்னால் அதுவரை ஒரு 'பா'கூடச் சொல்ல முடிந்ததில்லை. கிளம்பும்போது வெள்ளையம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க சின்னப் புள்ளையா இருக்கீகளே, பெரிய டாக்டரு எப்ப வருவாக?" என்று கேட்டார்.

ஆட்டுத் தொண்டை

தன் குரல் உள்ளேதான் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, சரியான மருந்து கொடுத்தால் வந்துவிடும் என்று சுப்பையா நம்பிக்கொண்டிருந்தார். நான் கரும்பலகையில் படம் போட்டேன். அவர் மரியாதைக்காகத் தலையாட்டினார். அறுத்து எடுத்தது எதை என்று கண்ணால் காட்டாமல் வேலைக்கு ஆகாது என்று தெரிந்தது. அதனால் மாமிசம் தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்துகிற வீட்டில் பிறந்த நான், பேகம்பூரில் ஒரு கறிக்கடை வாசலில் போய் நின்றேன். ஆட்டுத் தொண்டை வேண்டும் என்றேன். "கொழம்புக்காம்மா?" என்றார் கடைக்கார பாய். பார்ப்பதற்கு என்றேன். "பாத்துட்டு?" என்றார். ஊதிப் பார்ப்பேன் என்றேன். வரிசையில் நின்றவர்கள் எனக்கு நிறைய இடம் விட்டார்கள். பாய் காசு வாங்கவில்லை. இலையில் சுற்றிக் கொடுத்து, "பேசுச்சுன்னா வந்து சொல்லும்மா" என்றார்.

மறுநாள் அந்தத் தொண்டையின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்திப் பிடித்து, கீழே ஒரு மூங்கில் குழாயைச் சொருகி ஊதினேன். முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுப்பையா அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். விரலை உள்ளே விட்டு, சத்தம் எழுப்பிய அந்த இரண்டு மடிப்பையும் தடவினார். பிறகு தன் கழுத்தைத் தடவினார். வெள்ளையம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு சதையா டாக்டரம்மா, அம்புட்டுச் சந்தையையும் கட்டி மேச்சுச்சு?" என்று கேட்டார்.

சோடா

ஏப்பத்துக்கு வழி தேடி நான் புத்தகங்களைப் புரட்டினேன். கடைசியில் உதவியது ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கோலி சோடாக்கடை. சோடாவில் உள்ள காற்றே மேலே வரும், அது வரும்போது பிடித்து 'பா' என்று சொன்னால் போதும். நானும் சுப்பையாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பாட்டிலைக் குடித்தோம். குருவுக்கும் சிஷ்யருக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு பேருக்கும் ஒன்றும் வரவில்லை. அவர் தலையைக் குனிந்து வயிற்றை அழுத்துவார். பார்த்து நானும் அழுத்துவேன். மூன்றாவது வாரம் எனக்கு ஒரு 'பா' வந்தது. சின்னது, கரகரப்பானது, ஆனால் சந்தேகமில்லாமல் 'பா'. நான் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டேன். சுப்பையாவும் கைதட்டினார்.

அடுத்த பாட்டிலில் அவருக்கும் வந்தது. பிறகு எனக்கு. பிறகு அவருக்கு. இப்படி மாற்றி மாற்றி ஏப்பம் விட்டுக்கொண்டு இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், வெளியூரிலிருந்து வந்த ஒரு அதிகாரிக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்தார். சோடா பாட்டில்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது மிச்சமிருந்த காற்று வெளியே வந்துவிட்டது. அவர் அதிகாரியிடம் திரும்பி, "இந்தம்மா படிக்கிறதுக்கு சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுக்குது, சார்" என்றார்.

வீட்டுக்காரம்மா

ஒரு 'பா' வந்தால் போதாது. நூறு வரவேண்டும், நினைத்தபோது வரவேண்டும். சாயங்காலம் என் அறைக்குப் போனதும் சாதகம் செய்வேன். பாட்டுக் கற்றுக்கொள்கிறவர்கள் விடியற்காலையில் சாதகம் செய்தால் தெருவே மெச்சுகிறது. எனக்கு வாய்த்த சாதகம் இது. பாக்கு, பொண்ணு, பாக்கு, பொண்ணு என்று ஏப்பத்தில் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் யாருமில்லை. சுவரில் பல்லிதான் இருந்தது. அதுவும் கொஞ்ச நாளில் வேறு அறைக்குப் போய்விட்டது.

முதல் வாரம் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி ஓமத்தண்ணீர் கொடுத்தார். அந்த ஊரில் என் அறைக் கதவை ஒருவர் தட்டியது அதுவே முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னேன், உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. இரண்டாவது வாரம் பெருங்காயம் கரைத்த மோர் வந்தது. மூன்றாவது வாரம் ஒன்றும் வரவில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றது. தண்ணீர் பிடித்துக்கொண்டு நான் திரும்பிய பிறகு மறுபடியும் தொடங்கியது. நானே போய், என் படிப்பு இது, இப்படி ஒரு நோயாளி, அதற்காகத்தான் இந்தப் பழக்கம் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் நாலு பெத்தவ. வகுத்துல ஒண்ணும் இல்லாத பொண்ணு இம்புட்டு ஏப்பம் விட்டு நான் பாத்ததில்ல தாயி" என்றார்.

முதல் வார்த்தை

ஐப்பசிக்குள் சுப்பையாவுக்கு பா, தா, கா மூன்றும் சோடா இல்லாமலே வந்தன. ஒரு கட்டத்தில் என்னை முந்திக்கொண்டும் போனார். ஏலம் கூறின ஆள் இல்லையா, எந்த இடத்தில் காற்றை நிறுத்துவது, எங்கே விடுவது என்பது அவர் உடம்பிலேயே இருந்தது. இனிமேல் எழுத்திலிருந்து வார்த்தைக்குப் போகவேண்டும். 'பருப்பு' என்று சொல்ல வைக்கலாம் என்று, "இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் காற்றை உள்ளே இழுத்துத் தயாரானார். அதற்குள் வெள்ளையம்மா, "பருப்புக் கொழம்பு டாக்டரம்மா, கத்திரிக்கா வெஞ்சனம். மோரு ஊத்துனேன், வேணாம்னுட்டாக" என்று முடித்துவிட்டார். அடுத்த கேள்வி கேட்டேன். அதற்கும் வெள்ளையம்மாவே பதில். மூன்றாவது கேள்விக்கும் வெள்ளையம்மா வாயைத் திறந்தபோது சுப்பையா சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார். மீசை துடித்தது. "பே... சாத!" என்றார். பாறையில் கட்டையை இழுத்த மாதிரி ஒரு குரல். ஆனால் வார்த்தை தெளிவாக இருந்தது. வெள்ளையம்மா கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வராந்தாவுக்கு ஓடினார். அங்கே மருந்துக்கு வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "அதே ஆளுதான்! ஒண்ணும் மாறல, அதே ஆளுதான்!" என்று கத்தினார்.

தீபாவளி

தீபாவளிக்கு நான் கும்பகோணம் போகவில்லை. பயிற்சிக் காலத்தில் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று விதி. வீட்டில் இருந்தால் பக்கத்து அறைகளில் எல்லோரும் சிரிப்பது கேட்கும் என்பதால் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலும் ஈ காக்கை இல்லை. நல்ல நாளில் யார் பேச்சுப் பயிற்சிக்கு வருவார்கள்? தனிமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், தீபாவளியன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உடைந்த கட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது என்று சொல்வேன்.

பத்து மணிக்கு மேல் சுப்பையா வந்தார். புது வேட்டி, புதுத் துண்டு. வெள்ளையம்மா வரவில்லை, அவர் மட்டும்தான். கையில் ஒரு தூக்குவாளி, மேலே மந்தார இலையில் சுற்றிய மல்லிகை. 'டாக்டரம்மா' என்பது அவருக்கு நீளமான வார்த்தை, காற்றுப் போதாது. அதனால் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிடப் பழகியிருந்தார். வாளியை மேஜைமேல் வைத்தார், நின்றபடியே காற்றை உள்ளே தள்ளினார். நான் வழக்கம்போல அவர் உதட்டையும் தாடையையும் கவனித்துக்கொண்டிருந்தேன், அவர் என்ன சொல்ல வருகிறார் என்பதைக் கவனிக்கவில்லை. அந்த ஊருக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் கேட்காததை அவர் கேட்டார். "பாப்பா... பசிக்குதா?"

மூன்றாவது தரம்

தை பிறந்தது. பரிசத்துக்கு எனக்கும் அழைப்பு. பந்தலில் ஜமக்காளம் விரித்து இரண்டு வீட்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் வெள்ளையம்மாவுக்கு அருகில் எனக்கு இடம். அவருக்கு ஒரு பயம். கணவர் வாயைத் திறந்து அந்தக் குரல் வந்தால், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மிரண்டு போய்ச் சம்பந்தத்தையே விட்டுவிடுவார்களோ என்று. அதற்காகச் சுப்பையாவின் தம்பியைப் பக்கத்திலேயே தயாராக உட்கார வைத்திருந்தார். என் படிப்பு முழுவதும் இப்போது அந்த மனிதரின் சோற்றுக்குழாயில் இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா முதலில் சொன்னார். "பொண்ணு எங்களுக்குங்க, பாக்கு உங்களுக்குங்க" என்று மூன்று முறை, தண்ணீர் மாதிரி. தாம்பாளம் சுப்பையா கைக்கு வந்தது. அவர் தலையை லேசாகக் குனிந்தார். "பாக்கு... எங்களுக்கு. பொண்ணு... உங்களுக்கு." அந்தக் கரகரப்பைக் கேட்டதும் குழந்தை ஒன்று அழுதது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை இன்னும் நன்றாக வந்தது. 'உங்களுக்கு' என்பதை ஒரே ஏப்பத்தில் முடித்தார். பயிற்சியில்கூட அப்படி வந்ததில்லை.

மூன்றாவது முறைக்கு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். காற்றுச் சிக்கிக்கொண்டது என்று நான் நினைத்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதே மறந்து, பெண்கள் பக்கத்திலிருந்து கன்னத்தை உப்பிக்கொண்டு, தாடையைத் தட்டித் தட்டி, நாக்கை அழுத்தச் சொல்லி ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே கதவோரம் நின்ற ராசாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி தாம்பாளத்தை வாங்கக் கையை நீட்டினார். மாப்பிள்ளையின் அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க. அவரே சொல்லட்டுங்க. நமக்கு என்னங்க அவசரம்?" என்றார். சபை காத்திருந்தது. ரொம்ப நேரம் கழித்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சுப்பையா மூன்றாவது முறையும் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி முடிந்து தாம்பூலம் போடும்போது, என்ன ஆயிற்று, எந்த இடத்தில் காற்று நின்றது என்று அவரிடமே கேட்டேன். அடுத்த பயிற்சியில் சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு எனக்கு. வழக்கம்போல வெள்ளையம்மாதான் பதில் சொன்னார். சுப்பையா பக்கத்திலேயே இருந்தார், தொடையில் தட்டவில்லை. "காத்தெல்லாம் இருந்துச்சு டாக்டரம்மா. ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லலாம். மூணாந்தரம் சொல்லிட்டாப் பூவு அடுத்தவனுதுல்ல? ஏலக்காரருக்குத் தெரியாதா?"

பூச்சந்தையில்

என் ஆறு மாதம் மாசியில் முடிந்தது. பரிசத்துக்குப் பிறகு சுப்பையா ஆஸ்பத்திரிக்கு வருவது குறைந்து, பிறகு நின்றுபோனது. நியாயம்தான், அவருக்கு இனி நான் எதற்கு? ஆனால் அவர் வரும் கிழமையில் நான் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வடக்கே போவதற்கு முந்தின நாள், சொல்லிக்கொண்டு போகலாம் என்று நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். சந்தையில் ஈரச்சாக்கு மூட்டைகளும் மல்லிகை வாசனையுமாக நிற்க இடமில்லை. ஏலம் இப்போது தம்பி கூறிக்கொண்டிருந்தார். ஏலம் கூறுகிற அளவுக்கு ஏப்பப் பேச்சில் சத்தம் வராது. சுப்பையா கடை முகப்பில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து, பூக்கொண்டு வந்த விவசாயிகளின் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். எடை குறைவு என்று ஒருவர், பூ மொட்டாக இல்லை என்று ஒருவர். அவர் பேசும்போது எல்லோரும் தங்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, குனிந்து காதைக் கொடுத்தார்கள். சந்தையில் அந்த ஓர் இடம் மட்டும் அமைதியாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உட்காரச் சொல்லிக் கை காட்டினார். உட்கார்ந்தேன். ஒரு வழக்கு முடிந்தது, அடுத்தவர் வந்தார். நான் வாத்திச்சி இல்லையா, ஒவ்வொரு ககரத்தையும் பகரத்தையும் காதால் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்த ஒன்றும் இல்லை. ஒரு கதை சொல்லி எதிரில் இருந்தவரைச் சிரிக்கவும் வைத்தார். அதற்குள் என் பஸ் வந்து ஹாரன் அடித்தது. எழுந்து பக்கத்தில் போய், போய்ட்டு வரேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பாமலே என் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். "செத்த இரு பாப்பா. பேசிக்கிட்டு இருக்கேன்ல?"

எங்கள் தொழிலில் வேலை சரியாக முடிந்துவிட்டது என்பதற்கு ஒரே அடையாளம், நாம் பேச வைத்த ஆளுக்கு நம்மோடு பேச நேரமில்லாமல் போவதுதான்.